நிறுவாமல் முயன்று பார்த்த பதினோரு நாள்

என் மனைவிக்கு ஒரு புத்தகம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வாரம்கூட இல்லை. எங்கள் வீட்டுக் கணினிக்கோ காலையில் எழுந்து உட்காரவே அரைமணி நேரம் பிடித்தது. பொத்தானை அமுக்கிவிட்டுச் சவரம் செய்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் திரையில் அந்த வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். மூலையில் ஓர் அறிவிப்பு வேறு: இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் ஆதரவு கிடையாது. யாருடைய ஆதரவும் இல்லாமலே இத்தனை வருடம் கடை நடத்தியவன் நான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

புத்தகம் விளையாட்டுக்கு அல்ல. பெண்கள் தொழிற்பயிற்சி மையத்தில் துணி வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை வேலை காலியாகியிருந்தது. சலித்து எடுத்ததில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தவள். இன்னொருத்தி, இருபத்திரண்டு வருடமாக எங்கள் முன்னறையில் உட்கார்ந்து ஊராருக்குச் சட்டையும் கவுனும் தைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி. ஒரு வருடப் பாடத்தையும் படங்களோடு புத்தகமாக அச்செடுத்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தலைமையம்மாவின் மேசையில் வைக்க வேண்டும். யார் புத்தகம் உருப்படியோ அவருக்கு வேலை. கலியாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காதவள், இந்த வேலையை மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்.

நான் சந்தையில் பொத்தான், ஜிப், நூல்கண்டு விற்பவன். துணி வியாபாரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாக வரலாறு இல்லை. என் அப்பா பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்த வாக்கிலேயே, இரண்டு பல்லுக்குச் சேர்த்து ஒரு விலை கேட்டவர். மனைவி வேறு ரகம். அவள் அப்பா மருந்துக்கடைக்காரர். அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு விலை. நான் ஒரு கடையில் பேச ஆரம்பித்தால் அவள் பத்தடி தள்ளிப் போய், என்னை எங்கேயோ பார்த்த ஞாபகம்கூட இல்லாதவள் போல வெங்காயக் கூடையை ஆராய்ந்துகொண்டு நிற்பாள்.

முதலில் கணினிக் கடைக்குத்தான் போனேன். இந்தப் பழைய பெட்டியில் புது இயங்குதளம் ஏறாது, புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் என்றான் கடைக்காரன். நான் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, திரும்பி நடந்தேன். மூன்றாவது அடியில் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. நான் ஒன்பது அடி நடந்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து பின்னால் பார்த்தேன். அவன் கைப்பேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் தர்மமே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. நகர நூலகத்தில் முப்பத்திரண்டு கணினிகளைக் கட்டி மேய்க்கிறாள். பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு பென்டிரைவ் குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அத்தான், இதுல லினக்ஸ்னு ஒரு இயங்குதளம் இருக்கு. உங்க பெட்டிக்கு இது போதும், நல்லா ஓடும். எங்க நூலகத்துல எல்லாமே இதுதான்."

"என்ன விலை?"

"விலையே இல்ல. இலவசம்."

விலை அதிகம் என்றால் குறைக்கலாம். குறைவு என்றால் இன்னும் குறைக்கலாம். ஒன்றுமே இல்லை என்பவனிடம் எங்கே கைவைப்பது?

"யாரு தர்றாங்க?"

"உலகம் முழுக்க ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க. எப்படி எழுதினோம்னு திறந்தே வச்சிருக்காங்க. யாரு வேணா எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்."

"அதுல அவங்களுக்கு என்ன கிடைக்குது?"

"சிலருக்குச் சம்பளம் வருது. நிறையப் பேருக்கு ஒரு திருப்தி."

"திருப்தியை வச்சு வீட்டு வாடகை கட்ட முடியுமா?"

"அதை அவங்கல்ல யோசிக்கணும்? நீங்க ஏன் அத்தான் வேர்த்துப் போறீங்க?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினேன். "சரி. கூட ஏதாவது கொசுறு போட்டுத் தருவாங்களா?"

மச்சினி உள்பக்கம் திரும்பி, "அக்கா! உன் வீட்டுக்காரரு சும்மா கொடுக்கறதுக்கே கொசுறு கேக்குறாரு!" என்று கத்தினாள்.

"நான் அந்த ஆளைப் பாத்ததே இல்லடி" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

எங்கள் கணினியில் முன்பக்கத் துளைகள் இரண்டும் என்றோ செத்துவிட்டன. பின்பக்கம் இரண்டு உயிரோடு இருந்தன. விசைப்பலகைக்குப் பழைய காலத்து வட்டத் துளை தனி. ஒன்றில் சுட்டி இருந்தது. இன்னொன்றில் மச்சினி அந்தக் குச்சியைச் செருகினாள். பழைய வட்டில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் தன் மடிக்கணினிக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு கணினியை எழுப்பினாள். நான் சவரக் கத்தியை எடுக்கப் போவதற்குள் அது எழுந்து உட்கார்ந்துவிட்டது. திரையில், நல்ல தமிழில், இரண்டே வழி: 'நிறுவாமல் முயன்று பார்க்கவும்', 'நிறுவவும்'.

முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்காத குறைதான். முப்பது வருடமாக எந்த மொத்த வியாபாரியும் எனக்குத் தானாக முன்வந்து கொடுக்காத சலுகை அது.

"முயன்று பாருங்க அத்தான். பிடிச்சிருந்தா இன்னைக்கே 'நிறுவு'ன்னு அமுக்கிடுங்க, கால்மணி நேர வேலை. தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மச்சினி பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் என் கடையில் பாதிப் பொத்தானை நான் விற்றிருக்கிறேன். அதே வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு நான் கவிழ்ந்துவிடுவதா?

எங்கள் துணிச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரிக்கு எடுத்த துணி பலகைமேல் விரித்தபடி கிடக்கும் வரைக்கும் பேரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மடித்து வைத்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டால் வாங்கியாகிவிட்டது. அதனால் விவரம் தெரிந்தவன் மடிக்கவும் மாட்டான், சுருட்டவும் மாட்டான். விற்கிறவனுக்கு வியர்க்கட்டும் என்று விரித்தே போட்டுவைப்பான். என் அப்பா ஒரு தையல் இயந்திரத்தை அப்படி மாதிரிக்கு எடுத்துவந்து, பதினான்கு மாதம் தைத்துவிட்டு, சத்தம் அதிகம் என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே நான் 'நிறுவு' என்பதை அமுக்கவில்லை. கணினியை அணைக்கவும் இல்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

"முடிஞ்ச மாதிரிதான். நீ உன் வேலையைப் பாரு. ஆனா அணைச்சுடாத."

"ஏன்?"

"புதுசுல்ல. கொஞ்சம் பழகணும்."

மருந்துக்கடை வீட்டுப் பெண். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்புகிறவள். என்னையும் நம்பினாள்.

அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைப்பது ஏன் என்று முதல் பாடம். அளவெடுப்பது இரண்டாவது. தோள், கை, இடுப்பு, பாக்கெட் என்று நாளுக்கு ஒரு பாடமாக வளர்ந்தது. படங்களையும் அதிலேயே வரைந்தாள். தையல் இயந்திரத்தை மிதிக்கும் அதே வேகத்தில் விசைப்பலகையைத் தட்டினாள். கணினி ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. இந்த இயங்குதளக்காரர்களுக்கென்று தமிழிலேயே ஒரு கலந்துரையாடல் தளம் இருந்தது. அதில் முறைப்படி என் முதல் அடியை வைத்தேன்: 'உங்கள் சரக்கைப் பார்த்தேன். பரவாயில்லை ரகம். எழுத்து சிறிசு. நிறம் மங்கல். எனக்கு வேறு இடத்திலும் பேச்சு நடக்கிறது. உங்கள் கடைசி வார்த்தை என்ன?'

கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தபோது மூன்று பதில்கள் இருந்தன. குறையைச் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி என்று ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கும் வழியைப் படம் போட்டு விளக்கியிருந்தார். இரண்டாமவர் பத்து நிறங்களைக் காட்டி, எது பிடிக்கும் என்று கேட்டிருந்தார். மூன்றாமவர்தான் என்னை வீழ்த்தினார்: 'வேறு இடத்தில் கிடைப்பது நன்றாக இருந்தால் தாராளமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவுவதில் சிக்கல் வந்தாலும் இங்கேயே கேளுங்கள், உதவுகிறோம்.'

"இங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். "குறை சொன்னா நன்றி சொல்றாங்க. போறேன்னா பெட்டியைத் தூக்கிவிடுறேங்கிறாங்க. இவங்கெல்லாம் எப்படிப் பொழைக்கப் போறாங்க?"

"நீங்க அவங்களை விட்டுட்டீங்கன்னாலே பொழைச்சுக்குவாங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் ஒரு நாள் கணினிக்குள்ளேயே ஓர் அங்காடியைக் கண்டுபிடித்தேன். உள்ளே ஆயிரக்கணக்கில் மென்பொருள்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் அதே வார்த்தை: இலவசம். கேட்ட கொசுறு இதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மனைவி துணிக்கு இஸ்திரி போட எழுந்து போகும் நேரத்தில் எல்லாம் நான் உட்கார்ந்து அள்ளினேன். வானத்து நட்சத்திரங்களைக் காட்டும் ஒன்று. சதுரங்கம் மூன்று. வீட்டுக்கு வரைபடம் போட ஒன்று. ரயில் ஓட்டிப் பழக ஒன்று. பியானோ ஒன்று, எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் வைத்திருப்பதில் நஷ்டம் என்ன? மொத்தம் நாற்பத்து மூன்று.

பதினோரு நாள் ஓடியிருந்தது. வியாழக்கிழமை. காலை பத்து மணி. மனைவி கடைசிப் பாடத்தின் கடைசிப் படத்தை முடித்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்தாள். காலர் பாடம். ஒன்பது பக்கம், ஆறு படம். அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததே அவள் வெட்டும் காலர்தான். அதை அளவோடு எழுதியது இதுதான் முதல் தடவை. அதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அன்று விடுமுறை என்பதால் மச்சினியும் வந்திருந்தாள், அக்காவின் புத்தகத்தைப் பார்க்க.

"மத்தியானத்துக்குள்ள அச்சுக்கடையில கொடுத்துட்டா சாயங்காலம் கட்டிக் கொடுத்துடுவாங்க" என்றாள் மனைவி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மேசையைச் சுற்றிக் கணினியின் பின்பக்கம் போனாள்.

"அங்க என்னக்கா பண்ற?"

"பின்னாடி ஒரு குச்சி சொருகி வச்சிருக்கீங்கல்ல? எல்லாம் அதுலதானே இருக்கு. அதை உருவிக் கொண்டு போயிடலாம்னு…"

மச்சினியின் பார்வை தற்செயலாகத் திரைக்குப் போனது. அங்கே, இடது மூலையில், 'நிறுவு' என்ற சின்னம் பதினோரு நாளாக உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா! கைய எடு!"

அவள் போட்ட சத்தத்தில் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள், கொள்ளைக்காரனைப் பார்த்தவள் மாதிரி.

மச்சினி என்னிடம் மெதுவாகத் திரும்பினாள். மெதுவாகப் பேசும் பெண்களிடம் எனக்கு எப்போதும் பயம்.

"அத்தான். இதை நீங்க நிறுவவே இல்லையா?"

"அவசரம் என்ன? காத்துக்கிட்டிருக்கட்டுமே."

"யாரு?"

அந்தக் கேள்விக்கு அதுவரை நான் பதில் யோசித்ததே இல்லை.

"பதினோரு நாளா இது குச்சியிலதான் ஓடுதா? அணைக்கவே இல்லையா?"

"மாதிரியை மடிச்சுட்டா பேரம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்மா. எங்க சந்தையில…"

"ஐயோ, உங்க சந்தையில தீயை வைக்க! முயன்று பாக்குறப்போ எழுதுறதெல்லாம் நினைவகத்துலதான் நிக்கும் அத்தான். வட்டுலயும் இல்ல, குச்சியிலயும் இல்ல. கண்ணாடியில வாயால ஊதிட்டு அது மேல விரலால எழுதுற மாதிரி. அணைச்சா போச்சு. குச்சியை உருவினா போச்சு. மின்சாரம் ஒரு தடவை கண்ணடிச்சாலும் போச்சு."

மனைவி கையை இன்னும் இறக்கவில்லை.

"எது போச்சு?" என்றாள்.

"இன்னும் போகலக்கா. நீ அப்படியே இரு."

மனைவி அப்படியே இருக்கவில்லை. நேராகச் சுவரோரம் போய், கணினியின் பிளக் செருகியிருந்த சுவிட்சுப் பலகைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள், யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பது போல. அங்கிருந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மச்சினி பையிலிருந்து வேறொரு குச்சியை எடுத்தாள். செருக இடமில்லை. சுட்டியைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் செருகினாள். அதன் பிறகு எல்லாம் விசைப்பலகையில்தான். கறுப்பாக ஒரு சன்னலைத் திறந்து என்னென்னவோ தட்டினாள். கணினி பெருமூச்சு விட்டது. அதுவரை வழுக்கிக்கொண்டு போனது, இப்போது ஒரு எழுத்தைக் காட்ட மூன்று மூச்சு எடுத்துக்கொண்டது.

"ஏன் இப்படித் திணறுது? நினைவகம் முழுக்க ரொம்பிக் கிடக்கே? அக்கா, நீ புத்தகத்தைத் தவிர வேற என்ன வச்சிருக்க?"

"நான் வேற எதையும் தொடலையே."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் சன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

பத்துப் பாடம் குச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மச்சினி அதைத் தன் மடிக்கணினியில் போட்டுத் திறந்து, பக்கம் பக்கமாகத் தள்ளினாள். தோள் இருந்தது. கை இருந்தது. பாக்கெட் இருந்தது. பாக்கெட்டோடு புத்தகம் முடிந்துவிட்டது.

"காலர் எங்க?" என்றாள் மனைவி, பலகையை விட்டு நகராமல்.

"கடைசியா எப்ப சேமிச்சக்கா?"

"நேத்துலேருந்து சேமிக்கப் போனாலே ஏதோ பெட்டி வந்துச்சு. இடமில்லன்னு என்னவோ. சரின்னு அமுக்கினா போயிடுச்சு. புத்தகம் கண்ணு முன்னாடியே திறந்துதானே இருக்குன்னு விட்டுட்டேன்."

காலர் பாடம் திரையில் மட்டும்தான் இருந்தது. ஒன்பது பக்கம், ஆறு படம், வேறெங்கும் ஒரு கோடுகூட இல்லை. நாளை நண்பகலுக்குள் மறுபடி வரைய முடியாது.

"புதுக் குச்சியிலேயே நேரா சேமிச்சுடலாமே?" என்றேன், பங்களிப்பாக.

"அதுக்கும் இந்த மென்பொருள் முதல்ல உள்ளதான் எழுதிப் பாக்கும். உள்ள மூச்சு விட இடமில்ல. வற்புறுத்தினா அப்படியே உறைஞ்சுடும். முதல்ல உங்க சாமானையெல்லாம் காலி பண்ணணும்." மச்சினி பட்டியலைத் திறந்தாள். "அடப்பாவி அத்தான். நாப்பத்து மூணா?"

"அதுல பாதி சின்னது."

"ரயில்?"

"எடு."

"பியானோ?"

"அதை… சரி, எடு."

"சதுரங்கம் மூணு."

"ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே. ரெண்டு எடுத்துக்க."

"ஏங்க!" என்றது சுவரோரத்துக் குரல்.

"மூணையும் எடு" என்றேன்.

வீட்டு வரைபடம் போனது. உலக உருண்டை போனது. ஒவ்வொன்றும் போவதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். திரை இரண்டு முறை வெறித்துக்கொண்டு நின்றது. இரண்டு முறையும் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். எங்கேயோ தெருவில் யாரோ துளைபோடும் இயந்திரத்தை ஓட்ட, தலைக்கு மேல் விளக்கு லேசாக மங்கியது. மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் வாய் எதையோ முணுமுணுத்தது. பிரார்த்தனை என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால், காலர் அளவுகள். மறந்துவிடாமல் இருக்க, கழுத்துச் சுற்றளவிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நாளும் நான் யாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேனோ அந்த ஆள் எதிரே இல்லவே இல்லை. பலகைமேல் விரித்துப் போட்டிருந்த சரக்கு மனைவியுடையது.

"நட்சத்திரம்தான் பெருசு" என்றாள் மச்சினி. "அதை எடுத்தா இடம் கிடைச்சுடும்."

அது எனக்குப் பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது. பகலிலும் வானம் தெரியும் அதில். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து சனிக்கிரகத்தைப் பார்த்துவிட்டுப் போவேன்.

"எடு" என்றேன். எதிரில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே நான் இறங்கி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

மச்சினி எழுந்து நாற்காலியைக் காலி செய்தாள். "அக்கா, நீ வா. உன் கையாலயே சேமி."

"அப்ப இந்தப் பலகையை யாரு பாத்துக்கிறது?"

"நான் நிக்கறேன்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான். இதைத் தாண்டி ஒரு எறும்பு வராது."

அவள் யோசித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள், கறை இருக்கிறதா என்று துணியைப் பார்ப்பது போல. பிறகு இடத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சேமிக்கும் விசையை அழுத்தினாள். திரை நின்றது. எதிர்வீட்டில் ஒரு குழந்தை அழுது, ஓய்ந்து, மறுபடி அழுதது. அப்புறம் ஒரு கோடு மெல்ல நீண்டது. பாதியில் நின்றது. நீண்டது.

மச்சினி குச்சியை எடுத்துத் தன் மடிக்கணினியில் போட்டாள். பாக்கெட்டுக்குப் பிறகு காலர் வந்தது. மனைவி ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்றுதான் சொன்னாள்.

"மின்னஞ்சல்லயும் ஒரு பிரதி அனுப்பிட்டேன். என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள் மச்சினி. "இப்ப 'நிறுவு'. யார் அமுக்குறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இப்ப நல்லாத்தானே ஓடுது, இன்னும் ஒரு ரெண்டு நாள்…"

மனைவி அமுக்கிவிட்டாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பயிற்சி மையத்துக்குப் போனோம். அச்சுக்கடையில் நீல அட்டை போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே நான் நின்றுகொண்டேன். மேலே வரக்கூடாது, அங்கே வந்து எதையாவது பேசக்கூடாது என்பது உத்தரவு. படி வழியாகத் தையல் இயந்திரங்களின் சத்தம் இறங்கி வந்தது. தொழிற்சாலைக்காரி முன்பே வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று வாசலில் இருந்த காவலாளி சொன்னார். அவள் புத்தகம் எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். அவர் விரலால் காட்டினார். எங்களுடையதைவிட இரு மடங்கு.

ஒரு மணிக்கு மனைவி இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பேரம் பேசப் பழகாதவளுக்கு அந்த முகம் எங்கிருந்து வந்ததோ.

"என்ன சொன்னாங்க?"

"தலைமையம்மா புத்தகத்தைப் பக்கம் பக்கமாப் பாத்தாங்க. காலர்கிட்ட வந்ததும் நிறுத்திட்டாங்க. ஒரு காகிதத்தை எடுத்து, படத்துல இருக்கற மாதிரியே அளவு போட்டு வெட்டி, தன் கழுத்துல வச்சுப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"இன்னொரு புத்தகம் பெருசு, ஆனா அதைப் படிச்சு வெட்டினா கழுத்துல உக்காராதுன்னாங்க. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிட்டாங்க."

எனக்கு அந்தத் தெருவிலேயே கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"உடனேயா?"

"உடனேதான்."

"யோசிச்சுச் சொல்றேன்னு ரெண்டு நாள் இழுத்திருந்தா…"

அவள் நடைபாதையில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வெங்காயக் கூடை எதுவும் இல்லை, அவள் ஆராய்வது போல நிற்க. என்னையேதான் பார்த்தாள், நிதானமாக, நான் அவளுக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்தவன் என்பது போல.

"பையைக் கொடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

கொடுத்தாள்.